மூலைக் கறை

மூன்றாம் தடவை அலசியும் அந்த மஞ்சள் கறை போகவில்லை. ஆறுமுகசாமி வாளிக்கு முன்னால் குந்தியிருந்தான். தன் வேட்டியைக்கூடத் துவைத்தறியாத அந்தக் கைகள் அருவங்காட்டுத் தண்ணீரில் விறைத்துப் போயிருந்தன.

பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி புஷ்பவல்லியும் குழந்தையும் நாளைக்கு வருகிறார்கள். பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. நன்றாக வளர்ந்த பிள்ளைக்குக் கட்டிய பழந்துணிதான் வேண்டும்.

"கேத்தியில உங்க அக்காகிட்ட கேளுங்க. பையனுக்குக் கட்டுனது பொட்டி நெறைய வெச்சிருப்பாங்க" என்று மனைவி சொல்லத்தான் செய்தாள்.

"அவ ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

அக்கா மருதாம்பாள் மகனுக்குக் காது குத்திய அன்று இவன் போன பஸ் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் தப்புகிறதென்று வேறு யார் மடியிலோ உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். தாய்மாமன் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு முறுக்கிக்கொண்டவன்தான், பையன் பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் முறுக்கு அவிழவில்லை.

ஆகவே குன்னூர் மார்க்கெட்டில் பழைய துணிக்கடை வைத்திருக்கும் பியாட்ரிஸ் அம்மாளிடம் போனான்.

"சனிக்கெழம வாங்க. நல்ல எடத்துத் துணி வரும்" என்றாள் அவள்.

சனிக்கிழமை மூட்டை தயாராக இருந்தது. பேரம் பேசித்தான் வாங்கினான்.

"யாரு ஊட்டுதுங்க?"

"நல்லா வளந்த பையனோடதுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க."

வீட்டில் பிரித்தால் எல்லாம் பூப்போன்ற வெள்ளைத் துணி. ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் கறை.

அடுத்த குவார்ட்டர்ஸ் ஏழுமலை எட்டிப் பார்த்தான். கல்யாணமாகாதவன், ஆனால் யோசனைக்குப் பஞ்சமில்லாதவன். "ரொம்ப ஒழுங்கான பையனாட்ட இருக்குது. எல்லாத்துலயும் ஒரே மூலையில போயிருக்கறான். சோப்புப் போடுங்க."

சோப்புப் போட்டதும் மஞ்சள் சிவப்பாகிவிட்டது.

"இதென்னடா, ரத்தமா?" என்றான் ஆறுமுகசாமி. அவன் குரல் இறங்கிப்போயிற்று.

"சோடா போட்டு வேக வெச்சா எதுவும் நிக்காது."

வெந்தபின் இன்னும் சிவந்தது. பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். கறை போயிற்று, கறை இருந்த மூலையும் கூடவே போயிற்று. மிச்சத் துணி பழுப்பாகத் தெரிந்ததால் ஏழுமலை நீலம் விட்டான். கை தவறிப் புட்டி முழுக்க உள்ளே போனது.

வெளியே மூடுபனி. கணப்புச்சட்டி மேல் கூடையைக் கவிழ்த்து நீலத் துணிகளை விரித்துவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனார்கள். அடுப்படிவரை புகை வந்தபிறகுதான் ஓடிவந்தார்கள்.

கருகியதை மடியில் போட்டுக்கொண்டு ஆறுமுகசாமி உட்கார்ந்துவிட்டான். கேத்திக்குப் போய் நின்றிருந்தால் அக்கா என்ன சொல்லியிருப்பாள்? "வாடா, சாப்புட்டயா?" என்றிருப்பாள். அம்மா போனபிறகு அவனைக் குளிப்பாட்டித் தலை சீவி வளர்த்தவள் அவள்தான். பஸ் நின்றதற்கு அவள் என்ன செய்வாள்? பெரிய தாய்மாமன் மடி! அந்த மடியில் இப்போது கரித்துணி கிடந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது போயிருக்கலாம்.

ஆனால் வருத்தப்படுவதைவிடக் கோபப்படுவது சுலபம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான்.

"ஏனுங்க, கறைத்துணியத் தலையில கட்டுவீங்களா? தேச்சுத் தேச்சு என்ன ஆச்சு பாருங்க. நாளைக்கு எம்புள்ளைக்கு எதைக் கட்டறது?"

பியாட்ரிஸ் அம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஓட்டை விழுந்த மூலைகளைத் தடவிப் பார்த்தாள்.

"கறை இல்லீங்க, மஞ்சள். 'சும்மா குடுத்தா எந்தம்பி வாங்க மாட்டான், வெலை சொல்லிக் குடுங்க'ன்னு, உங்கக்கா இங்கயே உக்காந்து ஒவ்வொரு துணிக்கும் வெச்சுட்டுப் போனாங்க."