நாக்கு டாக்டரும் என் ஜவ்வரிசிப் பாயாசமும்

காய்ந்த பசையை நாக்கு நுனியில் வைத்து, அது யார் வீட்டு அடுப்பில் கிண்டியது என்று சொல்லும் மனுஷர் ஃபிஜித் தீவு முழுக்க ஒருவர்தான். எங்கள் நவுவா ஊர் நாக்கு டாக்டர்.

தலைநகர் சுவாவில் புத்தகம் பைண்டு செய்தவர். ராணுவம் ஆட்சியைப் பிடித்து, நம் ஜனங்கள் மூட்டை கட்டத் தொடங்கியதும் அவர் பாடு திருவிழாதான். வீட்டுக்கு வீடு படங்கள் ஒட்டிய பழைய புத்தகம் ஒன்று இருக்கும்; பிள்ளைகளோ ஆளுக்கொரு தேசம் போவார்கள். படங்களைக் கிழியாமல் பிரித்துக் கொடுக்க டாக்டர் வேண்டும். வந்ததும் ஓரத்தைச் சுரண்டி நக்குவார். "மைதா. பொழைச்சுக்கும்" என்பார். இல்லாவிட்டால், "கடை கோந்து. சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடுங்க."

என் மகன் ஆக்லாந்து கிளம்பும்போது எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்க மஞ்சள் வேட்டியோடு நிற்கும் படம் ஒன்றுதான் அவருக்கென்று உண்டு. அதையும் அவரே புத்தகத்தில் அப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"அப்பா முகம் எனக்கு வேணும்மா" என்றான் மகன். நான் ஊரை விட்டுப் போகிறதாக இல்லை. எடுத்துக்கொள் என்றேன். கிழிந்தால் இரண்டு பேருக்கும் இல்லை.

டாக்டர் நக்கினார். கண்ணை மூடினார். மறுபடி நக்கினார்.

"அக்கா, இது பசை இல்ல. ஜவ்வரிசிப் பாயாசம். ஏலக்கா கூட இருக்கு."

அந்தப் புத்தகத்தை ஏன் எப்போதும் எறும்பு சுற்றியது என்று அன்றுதான் புரிந்தது.

"அடப் பாவி மனுஷா! என் கைருசிக்குத்தான் நீ இன்னொரு டம்ளர் கேக்கறேன்னு பெருமையா இருந்தேனே!" என்று போன மனுஷரைத் திட்டினேன்.

"அரே, கத்தாதீங்க அக்கா. படம் பயந்துக்கும்."

ஃபேனை நிறுத்தினார். தும்மிய மகனை வெளியே துரத்தினார். தன் மூச்சு படாமல் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டார். தாளின் பின்பக்கம் ஈரத்துணி வைத்துக் காத்திருந்து, தூண்டில் நரம்பைப் படத்துக்கு அடியில் கொடுத்து, தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவது போல மெல்ல மெல்ல இழுத்தார். நான் மாரியம்மாவைக் கூப்பிட்டபடியே நின்றேன். படம் முழுசாக வந்தது.

மகன் போனான். அவன் பெட்டியில் அப்பாவும் போனார். எனக்குப் புத்தகத்தில் வெள்ளையாக ஒரு கட்டம்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் வந்து நின்றார். "அக்கா, அந்தப் பாயாசம் கொஞ்சம் வைங்க. பசைப் பக்குவம் பாக்கணும்."

குடித்தார். உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் வரல. வர்ற சனிக்கிழமை பாப்போம்."

என் சமையலைக் குறை சொன்னவர் யாரையும் நான் சும்மா விட்டதில்லை. ஆனால் அந்த மனுஷர் வந்துகொண்டிருந்த காலம் வரைக்கும், பக்குவம் வந்துவிடப் போகிறதே என்று, ஏலக்காயைக் கொஞ்சம் குறைத்தே போட்டேன்.