சம்மதக் கிடா

கிடா சிலுப்பவில்லை. அதுதான் புகார்.

கழுத்தில் மாலையும் நெற்றியில் மஞ்சளுமாக, நாய்களையும் பூனைகளையும் பார்க்கிற மேசைமேல் ஏறி நின்று, அது கால்நடை ஆஸ்பத்திரியின் பயிற்சி டாக்டர் ஹனீனின் வெள்ளைக் கோட்டை மென்றுகொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு வேன் நிறைய ஆட்கள். மேளக்காரரும் வந்திருந்தார்.

“ஏம்மா, செவ்வாக்கெழம இது காதுல என்னத்த ஊத்துன?” என்றார் கோயில் கொடை நடத்துகிற சங்கிலிபூதத்தான்.

“காதுல பூச்சி இருந்துச்சு அண்ணாச்சி. சுத்தம் பண்ணி மருந்து விட்டேன். சரியாயிட்டு.”

“என்னத்த சரியாயிட்டு? நாளைக்குக் கொடை. தண்ணி தெளிச்சதும் தலையச் சிலுப்புனாத்தான் வெட்டச் சாமி உத்தரவு. தண்ணியே தெளிக்காம ராவும் பகலும் சம்மதிச்சிக்கிட்டுக் கெடந்த கிடாம்மா இது! இன்னிக்கு ஒத்திகை பாத்தா, மைல்கல்லு மாதிரி நிக்கி.”

வாசலில் நின்ற பேராசிரியர் ஞானசிகாமணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஹனீன், இது உன் கேஸ். வந்தவங்க திருப்தியாப் போனா கையெழுத்துப் போடுதேன். இல்லைன்னா பயிற்சிய மறுபடி முதல்ல இருந்து ஆரம்பி.”

ஏற்கெனவே ஒரு பூனையால் அவளுக்கு அந்தக் கையெழுத்து ஒரு முறை போயிற்று. இன்னொரு முறை போனால் கூடப் படித்தவர்கள் எல்லாம் டாக்டராகிவிடுவார்கள். அவள் அவர்களுக்கு நாயைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டு நிற்பாள்.

கிடாயை வளர்த்த இசக்கிமுருகன் மெல்ல வாயைத் திறந்தான். “விட்டுருவோம் அண்ணே. சாமிக்கு இஷ்டமில்ல போல.”

“நீ பேசாத லே! ஒன்னை யாரு இத ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொன்னது?”

அவன் மனைவி முத்துராணி சேலை முந்தியைக் கடித்துக்கொண்டு கிடாயையே பார்த்தாள்.

ஹனீன் பாட்டில் தண்ணீரைத் தெளித்தாள். கிடா மூக்கில் வழிந்ததை நக்கிக் குடித்தது. காதுக்குள் சொட்டு விட்டாள். அது சுகமாகக் கண்ணை மூடியது. ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகே காட்டினாள். தும்மியது.

“உத்தரவு!” என்றார் ஒருவர்.

“தும்மல் செல்லாது வே!” என்றார் இன்னொருவர். “போன கொடையில தும்முனத ஏத்துக்கிட்டுத்தான் மழையே பெய்யல.”

அந்தச் சண்டை முற்றுவதற்குள் ஹனீன் நாய் குளிப்பாட்டுகிற குழாயை இழுத்து வந்து திருகினாள். கிடா குனிந்துகொண்டது. தண்ணீர் முழுவதும் ஞானசிகாமணி மேல் போய் விழுந்தது. அவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பினார்.

மேளம் முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

“ஏலே, நிறுத்துங்கலே! அது வாத்தியாருலே!”

பேராசிரியர் கையெழுத்துப் போடுகிற பேனாவை எடுத்து மூடிமட்டும் போட்டார்.

ஹனீனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியாக நாய் முடியைக் காயவைக்கிற காற்று மெஷினைத் தூக்கி வந்து, கிடாயின் காதுக்கு நேரே பிடித்து, முழு வேகத்தில் திருப்பினாள்.

கிடா சிலுப்பியது. மாலை அறுந்து பூ பறக்க, கொம்பிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பியது. மேளமும் குலவையும் சேர்ந்து எழுந்தன. பக்கத்து அறையில் அத்தனை நாய்களும் ஊளையிட்டன.

“கையெழுத்தப் போடுங்க சாரே!” என்று சங்கிலிபூதத்தான் ஆடினார். “ஏம்மா, நாளைக்கு அந்த மெஷின எடுத்துட்டு நீயும் கோயிலுக்கு வந்துரு!”

ஞானசிகாமணி, நனைந்த சட்டையோடு, கையெழுத்துப் போட்டார். கிடாயைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் வேனுக்குப் போயிற்று.

ஹனீன் மூச்சுவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது, முத்துராணி மட்டும் திரும்பி வந்தாள். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“டாக்டரம்மா, செவ்வாக்கெழம ஊத்துன மருந்துல இன்னொரு குப்பி பைய குடு தாயி. எங்க பிள்ள சிலுப்பக் கூடாதுன்னுதான ஒங்கிட்டக் கூட்டிட்டே வந்தோம்!”