அக்கா வருவதற்குள்

கிட்ட வாங்க கண்ணுங்களா. போர்வையை நல்லா இழுத்துப் போர்த்திக்கிட்டு இப்படி நகர்ந்து உட்காருங்க. வெளியே பனி இறங்கியாச்சு, இனி யாரும் எங்கேயும் போகப் போறதில்லை. ஒரு வீட்டைப் புதுசாக்கப் போய் அந்த வீடே வெட்டவெளியான கதை ஒண்ணு இருக்கு, சொல்றேன். சிரிப்பு வந்தா தாராளமாச் சிரிங்க. குணாளன் மேல இரக்கப்படணும்னு அவசியமே இல்லை. அந்த வேலையை அவரே முழுநேரமாப் பார்த்துக்கிட்டிருக்கார்.

அன்று காலை குணாளன் வீட்டுக் குளியலறைக் கதவு மூட மறுத்தது.

பிரிஞ்சாங் டவுனுக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் நின்ற பழைய வீடு அது. பாதி செங்கல், பாதி பலகை, மேலே தகரம். தோட்ட ஆபீசில் முப்பத்தொரு வருஷம் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற குணாளன் போன வருஷம்தான் அதை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அதை 'பங்களா' என்றுதான் சொல்வார். சொல்லும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். துரைமார் அப்படித்தான் நிற்பார்களாம். கையைப் பின்னால் கட்டினால் ஆள் துரையாகிவிட முடியும் என்று நம்பிய மனுஷர்.

"தவமலர்! இந்தக் கதவுக்கு என்ன கேடு?"

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "மழைக்குப் பலகை ஊதியிருக்குங்க. நாலு நாள் வெயில் அடிச்சா தானா சரியாயிடும். அதுவரைக்கும் பாடிக்கிட்டே குளிங்க, உள்ள ஆள் இருக்குன்னு தெரியும்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கிள்ளானிலிருந்து அக்கா யோகேஸ்வரி. குணாளன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டுதான் போனை எடுத்தார்.

"டேய், என் வீட்டை வித்துட்டேன். தனியாக் கிடந்து என்ன பண்றது? மாசக் கடைசியில சாமானோட வரேன். உன் வீடு வீடு மாதிரி இருந்தா கடைசிவரைக்கும் உன்கூட. இல்லன்னா சிரம்பான்ல தம்பி குகன் இருக்கான். முன்ன உன் குவாட்டர்ஸ்ல வந்து பட்டது எனக்குப் போதும்."

"இது பங்களாக்கா!"

"அத நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்." டொக்கென்று வைத்துவிட்டாள்.

குணாளனுக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. முப்பது வருஷமாக அவரைத் 'தோட்டத்தான்' என்றே கூப்பிட்ட வாய் அது. அந்த வாயிலிருந்து 'நல்லா வந்துட்டடா' என்று ஒரே ஒரு சொல் வாங்கிவிட வேண்டும். அதற்காக அவர் எதையும் இடிக்கத் தயார். அவள் மட்டும் குகன் வீட்டுக்குப் போய்விட்டால், அந்தப் பயல் வருகிற தீபாவளிக்கெல்லாம் சொல்லிக் காட்டியே கொன்றுவிடுவான்.

"கேட்டியா? அக்கா வருது. இனி நம்மகூடத்தான், நிரந்தரமா!"

தவமலர் கரண்டியைக் கீழே வைத்தாள். முன்பு ஒரு தடவை 'ரெண்டு நாள்' என்று வந்த அக்கா மூன்று மாதம் இருந்தாள். வந்த மறுநாளே மசாலா டப்பாக்களை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தவமலருக்கு அதனால் வேலை குறைந்தது என்று குணாளன் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"நல்லதுங்க," என்றாள் தவமலர், கரண்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு. "அப்ப அந்தக் கதவை வெயிலை நம்பி விடக்கூடாது. அண்ணிக்கு மூட்டு வலி, இழுத்து மூட முடியாது. நல்ல ஆளாக் கூப்பிட்டு வேலையைத் தொடங்குங்க."

மறுநாளே காண்ட்ராக்டர் தினேஸ்வரன் வந்து இறங்கினார். கையில் இரண்டு போன், காலில் சேறே காணாத பூட்ஸ். அவருக்குப் பின்னால் கடப்பாரையோடு கொத்தனார் ரெங்கசாமி. அறுபதைத் தாண்டிய ஆள், தலையில் துண்டு, வாயில் பேச்சு அபூர்வம். தினேஸ்வரன் பேசுவார், ரெங்கசாமி செய்வார். குணாளனுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. வேலை செய்கிறவனிடம் நேரே பேசினால் மரியாதை போய்விடும் என்பது அவர் கொள்கை.

"சின்ன வேலைலா சார். லேசா சீவி விட்டா முடிஞ்சது."

சீவினார்கள். கதவு மூடியது. ஆனால் தாழ்ப்பாள் அதன் ஓட்டைக்கு இரண்டு விரற்கடை தள்ளிப்போய் நின்றது.

"கதவு மேல குத்தமில்ல சார். நிலைச்சட்டம்தான் கோணல். கழட்டி நிமித்திடலாம்."

ரெங்கசாமி கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். சட்டம் வந்தது. கூடவே சுவரும் வந்தது.

தூசி அடங்கியபோது குளியலறையிலிருந்து தேயிலைச் சரிவு முழுசாகத் தெரிந்தது. தினேஸ்வரனே வாயைப் பிளந்துவிட்டார். "என்னண்ணே இது? முப்பது வருஷக் கை உங்களுது!"

"பழைய சுவரு," என்றார் ரெங்கசாமி.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் குணாளன். அவருக்கு எல்லாம் அப்பவே தெரியும். எப்பவென்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

அன்றிலிருந்து கித்தான் துணியைக் கட்டி அதன் பின்னால் நின்று குளித்தார். கித்தான் அவர் கழுத்துவரைதான் வந்தது. காலையில் தோட்டத்து லோரி அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் மேலேயிருந்து கொழுந்து பறிக்கப் போகும் வேலம்மா குரல் கொடுத்தாள்.

"வணக்கம் கிராணியாரே! சோப்பு போட்டாச்சா?"

லோரியே சிரிக்கும். ஒரு காலத்தில் அஞ்சு நிமிஷம் பிந்தி வந்ததற்காக அதே வேலம்மா பேருக்கு நேரே அரை நாள் கூலி போட்டவர் குணாளன். இப்போது அவர் அரை ஆளாக நின்று கைகூப்பினார்.

"சுவரை எழுப்பச் சொல்லிடறேன்," என்றார் உள்ளே வந்து, தலையைத் துவட்டியபடி.

"எழுப்பட்டுங்க," என்றாள் தவமலர். "ஆனா அடியில தரை எப்படி இருக்கோ? அண்ணி கொஞ்சம் கனமான ஆளு. சும்மா தட்டிப் பாத்துட்டு எழுப்பினா நிம்மதி."

அரை மணி நேரத்தில் அது குணாளனின் சொந்த யோசனை ஆகிவிட்டது. "தினேஸ்! முதல்ல தரையைப் பாரு. இதையெல்லாம் நானா சொல்லித் தரணும்?"

தினேஸ்வரன் கூடத்துத் தரையில் சாக்கட்டியால் நீளமாக ஒரு கோடு போட்டார். "அண்ணே, இதுக்கு அடியில தண்ணி பைப்பு போகுது. இந்தக் கோட்டைத் தொட்றாதீங்க." சொல்லிவிட்டு போன் பேச வெளியே போனார். திரும்பி வந்தபோது கோடும் இல்லை, தரையும் இல்லை. ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. குணாளன் ஆபீசுக்குக் காலில் மாட்டிப் போன சப்பாத்து இரண்டும் ஜோடியாக வாசலை நோக்கி மிதந்துகொண்டிருந்தன.

"கோடு?" என்று கத்தினார் தினேஸ்வரன்.

"அழிஞ்சிருச்சு," என்றார் ரெங்கசாமி.

அந்த வாரம் முழுக்கத் தவமலர் ரெங்கசாமிக்குச் செய்த உபசாரம் கொஞ்சமல்ல. காலையில் பசியாற ரொட்டியும் சம்பாலும், பத்து மணிக்குக் கரிபாப்பும் தேத்தண்ணியும். குணாளனுக்குப் பொறுக்கவில்லை.

"வீட்டையே குளமாக்கிட்டான். அவனுக்கு எதுக்குக் கரிபாப்?"

"பாவங்க. வயசான காலத்துல நமக்காக எவ்வளவு பாடுபடுறாரு."

'வெகுளி' என்று நினைத்துக்கொண்டார் குணாளன். உலகம் தெரியாத மனைவி வாய்த்ததில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

தினேஸ்வரனை அன்றே நிறுத்தினார். தாப்பாவிலிருந்து புவனேஸ் என்று வேறொரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டார். புவனேஸ் வந்து, குழியைப் பார்த்து, சுவர் இருந்த இடத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "எந்த மடையன் சார் இந்த வேலையைப் பாத்தது?"

"இருந்தான் ஒருத்தன். நீ நல்ல கொத்தனாரா கொண்டு வா."

நல்ல கொத்தனார் எல்லாரும் திரிங்காப் பக்கம் தோட்டக் கொட்டகை கட்டப் போயிருந்தார்கள். மலையில் அப்போது சும்மா இருந்தது ஒரே ஒரு ஆள். மறுநாள் காலை அதே துண்டு, அதே கடப்பாரை, வாசலில் வந்து நின்றது. வேலை செய்கிறவன் முகத்தைப் பார்த்துப் பழக்கமில்லாத குணாளனுக்கு அது யாரென்று தெரியவே மத்தியானம் ஆகிவிட்டது. தெரிந்த பிறகு வேறு வழியும் இல்லை. மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

இந்தக் களேபரத்தில்தான் அவருக்குக் கணப்பு ஆசை வந்தது. துரை பங்களாவில் இருக்கிற மாதிரி, சுவரோடு சேர்த்துக் கட்டின அடுப்பு. உள்ளே விறகு எரியும், புகை சிம்னி வழியாகக் கூரைக்கு மேலே போகும். "அண்ணிக்குக் குளிர் ஆகாதே, என்ன பண்றது" என்று தவமலர் சாப்பாடு போடும்போது பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். மீதியை எல்லாம் குணாளனின் மண்டையே பார்த்துக்கொண்டது.

"அக்கா இங்க உக்காருவா," என்று புவனேஸிடம் கைகாட்டினார். "நான் இப்படி, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, நெருப்புக்கு முதுகு காட்டி நிப்பேன்."

"ஓக்கேலா சார்."

கட்டினார்கள். முதல் நாள் மூட்டிய நெருப்பின் புகையில் ஒரு துளிகூட மேலே போகவில்லை. எல்லாம் கூடத்துக்கே வந்து சேர்ந்தது. குணாளன் நெருப்புக்கு முதுகு காட்டி நின்ற இடத்தில் இருமல் மட்டும் கேட்டது.

"சிம்னி உயரம் பத்தல சார். கூரையைக் கொஞ்சம் பிரிச்சு உயர்த்தணும்."

"பிரி!"

கொஞ்சம் என்று தொடங்கிய இடத்தில் ரெங்கசாமிக்குத் தகரம் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் கூடத்துக்கு மேலே வானம். இரவு மலையில் பெய்கிற மழை சிம்னியை நடுக்கூடத்தில் தனியாகக் குளிப்பாட்டியது. காலையில் எழுந்து பார்த்தால் ஊறிப்போன பின்சுவரும் சாய்ந்து கிடந்தது. தினேஸ்வரனே கேள்விப்பட்டு மோட்டாரில் வந்து, நிறுத்திப் பார்த்து, சிரித்துவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் அக்கா போன் பண்ணினாள். "வீடு ரெடியா? போட்டோ அனுப்பு. பாத்துட்டு லோரி சொல்லணும்."

குணாளன் வீட்டைச் சுற்றி வந்தார். நின்றுகொண்டிருந்தவை ஒரு படுக்கையறை, அடுப்படி, முன்சுவர், அதில் புது வர்ணம் பூசிய வாசற்கதவு. கதவுக்கு முன்னால் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தவமலர் போட்டோ பிடித்தாள். ஒரு ஓட்டை தெரியவில்லை. நிஜமாகவே பங்களா மாதிரிதான் இருந்தது.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "பரவாயில்லயே. வெள்ளிக்கிழமை வரேன்."

குணாளனுக்கு அழுகையே வந்துவிட்டது. "பரவாயில்லன்னு சொல்லிட்டா தவமலர்! இன்னும் நாலு நாள் இருக்கு. புவனேஸ், ராத்திரி பகலா வேலை பாரு!"

புவனேஸ் போனை எடுக்கவில்லை. அன்றோடு அந்த ஆளும் தாப்பாவுக்கு இறங்கியவர்தான். ரெங்கசாமி மட்டும் தினமும் வந்து, செங்கல்லை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு லோரி வந்து நின்றது. கட்டில், பீரோ, மாவாட்டும் இயந்திரம், எல்லாவற்றுக்கும் முன்னால் டிரைவர் பக்கத்தில் யோகேஸ்வரி. இறங்கினாள். வாசலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"தோட்டத்தான், நிஜமாவே கட்டிட்டியேடா!"

"வாங்கக்கா, வாங்க… முதல்ல இங்கயே நின்னு ஒரு தேத்தண்ணி…"

"வாசல்ல நிக்க வச்சா தேத்தண்ணி குடுப்பே? நகரு."

அவரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் தேயிலை மலை இருந்தது. நடுவில் ஒரு குழி, குழிக்கு அருகில் ஒற்றைச் சிம்னி, அதன் மேல் ஒரு காக்கை.

யோகேஸ்வரி கதவை மூடினாள். மறுபடி திறந்தாள். மலை அங்கேயேதான் இருந்தது.

"வீடு எங்கடா?"

"இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்குக்கா. காண்ட்ராக்டர்ங்கதான்…"

"குளிக்கிற எடம்?"

குணாளன் கித்தானைக் காட்டினார். சரியாக அந்த நேரம் வளைவில் தோட்டத்து லோரி திரும்பியது. "என்ன கிராணியாரே, விருந்தாளியா? அவங்களும் இங்கதான் குளிப்பாங்களா?" என்று வேலம்மா கேட்டாள்.

அதற்கு மேல் யோகேஸ்வரி ஒரு நிமிஷம் நிற்கவில்லை. "டிரைவர், வண்டியைத் திருப்பு. சிரம்பானுக்கு விடு. நீ செத்தாலும் தோட்டத்தான்தான்டா!"

தவமலர் ஓடிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "போகாதீங்கண்ணி! ஒரு ராத்திரியாவது தங்கிட்டுப் போங்க. கித்தான் பக்கத்துல பாய் போட்டுத் தரேன்!"

"நீ நல்லவம்மா. உனக்கு வாய்ச்சதுதான் சரியில்ல," என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டு லோரியில் ஏறினாள் யோகேஸ்வரி.

லோரி வளைவில் மறைந்தது. குணாளன் செங்கல் குவியலில் போய் உட்கார்ந்து, அக்கா வரப்போகிற சேதியைத் தானே முந்திச் சொல்லிவிட வேண்டும் என்று சிரம்பானில் குகனுக்குப் போன் போட்டார். தினேஸ்வரன் எப்படிப்பட்ட திருடன், புவனேஸ் எப்படிப்பட்ட மடையன், தான் மட்டும் எப்படி எல்லாவற்றையும் அப்பவே சொன்னார் என்று அவர் மலை அதிரப் பேசிக்கொண்டிருந்தபோது, ரெங்கசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, நாத்தனா போயிட்டாங்களே. இனிமே கட்ட ஆரம்பிச்சுடட்டுமா? இல்ல, நீங்க சொல்லியிருந்த மாதிரி படுக்கையறைச் சுவத்தையும் ஒடச்சுடணுமா?"

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்க வீட்டுக் கூரை ஒழுகாம இருக்கட்டும், சுவர் நேரா நிக்கட்டும், அடுப்படிச் சாவி உங்க இடுப்பிலேயே இருக்கட்டும். வர்ற சொந்தம் எல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்து, சொன்ன தேதிக்குச் சிரிச்சுக்கிட்டே திரும்பட்டும். நல்லா இருங்க.