ஜாய்ஸ் டீச்சரின் ஒரிஜினல்கள் தொடர்பாக

கல்பாக்கம்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய ஹரிஹரன் அத்தான் அவர்களுக்கு,

பொருள்: போலி ஆசிரியை ஒருவரைக் குறித்து ரகசிய விசாரணை கோருதல் – தொடர்பாக.

தங்கள் மைத்துனன் ரவிச்சந்திரன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், கல்யாணி, குழந்தை ஹம்சினி மூவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே ரேணுகா அக்காவின் முட்டிவலிக்கும் தங்கள் சர்க்கரைக்கும் ஆண்டவன் ஒரு வழி காட்டட்டும். ஃபோன் இருக்கும்போது காகிதத்தில் எதற்கு எழுதுகிறான் என்று திகைக்க வேண்டாம். ஃபோனில் பேசினால் கல்யாணி மிக்ஸியை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அக்கா அதைப் பார்த்து ஐந்தாவது நிமிடம் கல்யாணிக்கே அனுப்பி ‘இது இன்னாடி’ என்று கேட்பாள். ஆகவே தபால்.

விஷயம் இதுதான். ஹம்சினிக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. போன வருஷம் வரை பாடத்தைக் கடகடவென்று வாசிப்பாள், நானும் ஊரெல்லாம் பெருமை பேசினேன். ஒருநாள் காக்கை பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்த்தால் திறந்திருந்தது கூட்டல் கணக்கு. அம்மா வாசிப்பதைக் கேட்டு அத்தனையும் மனப்பாடம், எழுத்து ஒன்றுகூடப் பிடிபடவில்லை. சோம்பேறி என்று திட்டினேன். ஒருதரம் கையும் நீட்டிவிட்டேன், அதைத் தங்களிடம் மறைப்பானேன். பிறகு பள்ளிக்கூடத்தில் சொல்லி, வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து சொல்லித்தர ஜாய்ஸ் என்றொரு அம்மாள் வந்தார். கொடுத்த அட்டையில் ‘எல்.டி. ஸ்பெஷலிஸ்ட்’ என்று இருந்தது. எங்கள் அலுவலகத்தில் எல்.டி. என்றால் லோயர் டிவிஷன் கிளார்க். வேலையை விட்டுவிட்டு டியூஷன் எடுக்கிறார் போலும் என்று இரண்டு வாரம் அந்த மரியாதையோடுதான் நடத்தினேன். “எந்த செக்‌ஷன்ல இருந்தீங்க?” என்று கேட்டேன். “ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் ரெண்டுக்கும் போவேன் சார்” என்றார். அப்புறம்தான் தெரிந்தது, இந்த எல்.டி. லேர்னிங் டிசெபிலிட்டி, அதாவது கற்றல் குறைபாடாம். எழுத்து மனசில் ஒட்டாமல் நழுவுமாம், புத்தியில் குறையில்லையாம். என் குழந்தைக்கு அது இருக்கிறதென்று அவரே நான்கு பக்கம் ரிப்போர்ட் எழுதிவிட்டார்.

இருபத்து மூன்று வருஷமாகச் சான்றிதழ் சரிபார்க்கும் சீட்டில் உட்கார்ந்திருப்பவன் சும்மா விடுவேனா? ஒரிஜினல் கேட்டேன். மறுநாளே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அங்கேதான் அத்தான், எனக்குச் சந்தேகம் வலுத்தது. கேட்டவுடனே ஒரிஜினல் கொண்டுவந்த ஒரு ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை. பீரோ சாவி காணோம், மாமனார் ஊரில் இருக்கிறது, மழையில் நனைந்தது என்று ஒரு மாதம் இழுத்தடிப்பதுதான் யோக்கியமானவர்கள் வழக்கம். பிரித்துப் பார்த்தேன். பி.ஏ. தமிழ். சரி. அடுத்து பி.எட்., அதுவும் ஸ்பெஷல் எஜுகேஷன். ஸ்பெஷல் என்ற சொல் எங்கே வந்தாலும் அது தற்காலிகம் என்று தங்களுக்குத் தெரியாததா? ஸ்பெஷல் பஸ், ஸ்பெஷல் தாசில்தார், இரண்டும் வந்த வேலை முடிந்ததும் காணாமல் போகும். அடுத்தது இனிஷியல். பத்தாம் வகுப்பில் கி. ஜாய்ஸ், பி.எட்.டில் ஜெ. ஜாய்ஸ். கேட்டால் அப்பா கிருபாகரன், வீட்டுக்காரர் ஜெபசிங் என்கிறார். “கெஜட்ல வந்துச்சா?” என்றேன். “கல்யாணத்துக்கு ஊரே வந்துச்சு சார், கெஜட்டுக்குத்தான் பத்திரிகை வெக்கல” என்றார். இந்த மாதிரி டீச்சர்கள் டில்லியில் பதிவு செய்து வாங்கும் எண் வேறு வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் போட்டேன், பெயர் வந்தது, படமும் வந்தது, படத்தில் முகம் தெளிவாகத் தெரிந்தது. அரசாங்கப் படத்தில் முகம் தெரிந்து யாராவது பார்த்ததுண்டா? அனுபவச் சான்றில் தங்கள் ஊரில், வேடந்தாங்கல் பக்கம், ஒரு மையத்தில் மூன்று வருஷம் என்று போட்டிருக்கிறது. அங்கே நாரைக்கா வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்?

பாடம் நடத்தும் லட்சணத்தையும் கேளுங்கள். முதல் மூன்று வாரம் புத்தகமே கிடையாது. ஒரு தட்டில் மணல். அதில் குழந்தை விரலால் ‘ட’ போடுகிறாள். சொல்லைப் பிய்த்துப் பிய்த்துக் கை தட்டுகிறார்கள். எதிர்வீட்டுக்காரர் பஜனையா என்று கேட்டுவிட்டார். மணல் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க, போன சனிக்கிழமை மாமல்லபுரம் பஸ்ஸில் அந்த அம்மாளுக்கு நான்கு சீட் பின்னால் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனேன். கடற்கரையில் உட்கார்ந்து சல்லடையில் மணல் சலித்தார். இளநீர்க்காரம்மாவிடம் மெல்ல விசாரித்தேன்.

“அந்த டீச்சரம்மாவா? மாசத்துக்கு ஒருதபா வந்து மண்ணு அள்ளிகினு போவும் சார்.”

“எதுக்கு?”

“புள்ளைங்க எழுத சொல்லோ கிளிஞ்சலு வெரல்ல குத்துமாம். அதான் ஒக்காந்து சலிச்சிகினு கீது. நீ இன்னாத்துக்கு சார் பேப்பர தலகீயா புடிச்சிகினு கீற?”

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வெயில் அதிகம்.

அத்தான், தங்களிடம் மனசைத் திறந்து சொல்கிறேன். அந்த ரிப்போர்ட்டின் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. எட்டு நாளில், அடுத்த வாரத் திங்கட்கிழமைக்குள் பள்ளியில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் தருவார்கள், கேள்வியை வாசித்துக் காட்டுவார்கள். கொடுக்காவிட்டால் இந்த வருஷமும் வெள்ளைத்தாள்தான். கல்யாணி போட்டுவிட்டாள். எனக்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது. இந்த அம்மாள் போலி என்றால் ரிப்போர்ட்டும் போலி, ரிப்போர்ட் போலி என்றால் என் குழந்தைக்கு ஒன்றுமில்லை. நிஜம் என்றால், ஒரு வருஷமாக நான் திட்டியதும் அடித்ததும் எதற்கு? அதனால்தான் எப்படியாவது இவர் போலியாக இருந்துவிட வேண்டும் என்று தேடுகிறேன்.

தாங்கள் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஒருவன் ஏறும் காலடியைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைப் பிடித்தவர். அந்த அம்மாள் முன்பு வேலை பார்த்த அந்த மையம் தங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெருதான். ஒன்றும் தெரியாததுபோல் போய் விசாரித்து ஒரு குறையாவது கண்டுபிடித்து எழுதவும். பதில் வரும்வரை நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
ரவிச்சந்திரன்.

பின்குறிப்பு: இதை மேஜைமேல் வைத்துவிட்டுப் பசை தேடப் போனேன். திரும்பி வந்தால் ஹம்சினி நாற்காலியில் மண்டியிட்டு, முதல் பக்கத்தில் விரலை வைத்து, “போ... லி... ஆ... சி... ரி... யை” என்று கூட்டிக்கொண்டிருக்கிறாள். இதை யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை அத்தான். மனப்பாடம் செய்ய வழியே இல்லை. “போலின்னா என்னப்பா?” என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன். “போளிம்மா. சாப்பிடற போளி. ஜாய்ஸ் மிஸ்ஸுக்குப் போளி வாங்கிக் குடுக்கணும்னு மாமாவுக்கு எழுதறேன்.” மறுபடியும் அந்தச் சொல்லில் விரலை வைத்துப் பார்த்தாள். “போளிக்கு பள்ளில வர்ற ளி போடணும்பா. இது புலில வர்ற லி. தப்பா எழுதிட்டீங்க” என்றாள். தப்பாகத்தான் எழுதிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டேன். கண் கலங்கியதைக் கல்யாணி பார்த்துவிட்டாள், பார்க்கட்டும்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று. தாங்கள் எங்கும் விசாரிக்கப் போக வேண்டாம். இதைக் கிழித்துவிடலாம் என்றால் ஹம்சினி விடவில்லை, மாமாவுக்கு அனுப்பியே ஆக வேண்டுமாம். போலி என்று நான் எழுதிய இடத்தையெல்லாம் தேடித் தேடிப் பென்சிலால் போளி என்று திருத்தியிருக்கிறாள். அவள் திருத்தியபடியே படித்துக்கொள்ளவும்.