மொட்டைமாடி ஏறாத மரியாதை

ஈரத்துணிக் கூடையை இனிமேல் ஒரு படிகூடத் தூக்க மாட்டேன் என்று பிர்கிட் சொன்ன அன்று, அவள் கணவர் மோர்டன் உறுதியாக முடிவெடுத்தார்: துணி காயாவிட்டாலும் சரி, பண்பாட்டை மட்டும் விடக்கூடாது.

டென்மார்க்கிலிருந்து ஜோர்டான் தலைநகர் அம்மானுக்கு வந்து ஆறு வருஷம். அலுவலகத்துக்குப் புதிதாக வந்திறங்கும் வெளிநாட்டவருக்கு ஊர்ப் பழக்கவழக்கம் சொல்லித்தருவது அவர்தான். வலக்கையால் வாங்கு, வாசலிலேயே செருப்பைக் கழற்று, காப்பி போதுமென்றால் கோப்பையை ஆட்டிக் காட்டு. மகன் பெயரைச் சேர்த்துத் தெருவே அவரை 'அபூ அண்டர்ஸ்', அதாவது அண்டர்ஸின் அப்பா, என்று கூப்பிடும். கேட்கும்போதெல்லாம் ஒரு சாண் உயர்ந்துவிடுவார்.

"ஆம்பளை மொட்டைமாடி ஏறினா பக்கத்து வீட்டு முற்றம் தெரியும், பிர்கிட். பொம்பளைங்க புழங்குற இடம். இங்க அது மரியாதை இல்லை."

"ஆறு வருஷமா மரியாதை உங்களுக்கு, முதுகுவலி எனக்கு," என்றாள் அவள். அதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. பக்கத்து வீட்டுக் கைஸின் அம்மா, உம் கைஸிடம் பேசப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் உம் கைஸின் கணவர் அபூ கைஸ் வந்தார். மோர்டன் தானே ஏலக்காய்க் காப்பி ஊற்றி, வலக்கையால் நீட்டினார். வந்தவர் வாங்கினார். குடிக்கவில்லை. கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

மோர்டனுக்கு நெஞ்சு விம்மியது. ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தால்தான் விருந்தாளி குடிப்பார். இந்த மதிப்பு எந்த வெளிநாட்டவனுக்குக் கிடைக்கும்? என்ன காரியம் என்று விசாரிப்பதுகூடச் சின்னத்தனம்.

"காப்பியைக் குடிங்க, அபூ கைஸ். நீங்க கேட்டது கொடுத்தாச்சு," என்றார், உள்ளே இருந்த பிர்கிட்டுக்கும் கேட்கும்படி.

அபூ கைஸ் ஒரே மடக்கில் குடித்தார். தன் வீட்டு முற்றத்துக்காக மோர்டன் ஆறு வருஷமாக மாடியே ஏறவில்லை என்பது இப்போதுதான் தெரிந்ததாம், கண் கலங்கிவிட்டதாம். முற்றத்துக்கு மேலே திராட்சைப் பந்தல் அடர்ந்து கிடப்பதால், எட்டிப் பார்த்தாலும் இலைதான் தெரியுமாம்.

"அதனால இனிமே உங்க வீட்டுத் துணியை நீங்கதான் மாடியில காயப்போடணும், அபூ அண்டர்ஸ். இதுதான் நான் கேட்க வந்தது."

பிர்கிட் வந்து பேரீச்சம்பழத் தட்டை விருந்தாளி பக்கம் நகர்த்தினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

மோர்டன் கடைசியாக ஒரு வழி தேடினார். "மாடியில நான் ஒருத்தன் மட்டும் துணியோட நின்னா, தெரு என்ன நினைக்கும்?"

"தனியா எங்க நிக்கப்போறீங்க," என்று அபூ கைஸ் பெருமூச்சு விட்டார். "பக்கத்து மாடியில நானும் இருப்பேன். உம் கைஸ் நேத்தே என் முன்னாடி காப்பியைக் குடிக்காம கீழே வச்சுட்டா."