சந்துக்கு ஒரு நியாயம்

காலையில் கதவைத் திறந்தால், கத்தரிச் செடிகளின் மேல் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் ஸ்கூட்டர் நின்றிருந்தது.

கல்லூரியில் தத்துவம் நடத்தும் பேராசிரியருக்கு அப்போதே அலுத்துவிட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய மாடி வீடு. அதில் அவருக்கென்று மிஞ்சிய ஒரே நிம்மதி, இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த அந்தச் சந்துதான். அதற்கும் ஆபத்து.

"டைலரே, இது என் இடம்."

"எப்படி சார்?"

"கொத்தினது நான், உரம் போட்டது நான், தண்ணி ஊத்தினது நான். எவன் உழைச்சானோ அவனுக்குத்தான் நிலம். பெரிய பெரிய ஆளுங்க சொன்னது."

தையல்காரர் பவ்யமாகத் தலையாட்டினார். சாயங்காலம் பேராசிரியர் திரும்பி வந்தபோது செடிகள் ஓரமாகக் கிடந்தன. சந்து முழுக்க சிமெண்ட் பூசியிருந்தது.

"நானும் உழைச்சிட்டேன் சார். இடுப்பே கழண்டு போச்சு."

அடக் கடவுளே! பாடத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

"உழைப்பு மட்டும் போதாதுய்யா. யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்குத்தான் நிலம். எனக்கு மூச்சு வாங்குது, சாயங்காலம் காத்தாட உட்காரணும்."

மறுநாள் சிமெண்ட் தரையில் ஒரு கட்டில். கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு தையல்காரரின் மாமியார்.

"வெயில் படணும்னு டாக்டர் சொல்லிட்டார் தம்பி" என்றாள் அந்தம்மா.

உள்ளே மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏங்க, உங்க வாய் சும்மாவே இருக்காதா? நீங்க ஒரு நியாயம் சொன்னா, அவர் ஒரு சாமானைக் கொண்டுவந்து போடுறாரு!"

பேராசிரியருக்குத் தத்துவமே வெறுத்துப்போனது. நேராகப் போய் சர்வேயரை அழைத்து வந்தார். தெருவே கேட்கும்படி சொன்னார்:

"உழைப்பு, தேவை எல்லாம் வெட்டிப்பேச்சு. எல்லைக்கல் சொல்றதுதான் நியாயம். கல்லுப்படி யார் இடமோ, அதுல இருக்கிறதெல்லாம் அவங்களுக்கு. மறுபேச்சே கிடையாது. சம்மதமா டைலரே?"

தையல்காரர் தன் பழைய ஓட்டு வீட்டைக் கவலையோடு பார்த்தார். "படிச்சவங்க சொல்றீங்க. சம்மதம் சார்."

சர்வேயர் புதரை விலக்கிக் கல்லைக் கண்டுபிடித்தார். டேப்பை இழுத்தார். நம்பாமல் இன்னொரு தடவையும் இழுத்தார்.

"சந்து உங்களுதுதான் சார், சந்தேகமே இல்லை."

"பாத்தியா?" என்று மனைவி பக்கம் திரும்பினார் பேராசிரியர்.

"அவரோட ஓட்டு வீடு நிக்கிற மனையும் உங்களுதுதான் சார்" என்றார் சர்வேயர். "ரெண்டு பேரும் மனை மாத்திக் கட்டிட்டீங்க. உங்க மாடி வீடு நிக்கிறதுதான் டைலர் இடம்."