பசை வேண்டாத ராக்கெட்

உலகத்தில் கேட்காமலே உதவுகிறவர்கள் உண்டு, கேட்டாலும் உதவாதவர்கள் உண்டு. இந்த இரண்டு பேரையும் நமக்குத் தெரியும். இவர்களோடு சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதற்கு ‘இங்க குடு’ இனம் என்று பெயர் வைக்கலாம். நீங்கள் ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பீர்கள், முகம் சிவந்திருக்கும், மூடி அசையத் தொடங்கியிருக்கும், சரியாக அந்த நொடியில் பக்கத்திலிருந்து ஒரு கை நீளும். “இங்க குடு.” அவ்வளவுதான். மூடியைத் திறந்தவர் என்ற பெயர் இனி உங்களுக்கு இல்லை. இவர்கள் கெட்டவர்களா? இல்லையே, அதுதான் தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் நிம்மதியாகச் சண்டையாவது போடலாம்.

அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் வெர்லின் ஹூக்ஸ்ட்ரா இந்த இனத்தின் அசல் மாதிரி. தானியக் கிடங்கில் முப்பத்தாறு வருடம் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். அவர்தான் ஓய்வுபெற்றார், அவருடைய கைகள் பெறவில்லை. மனைவி மார்லிஸ் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினால், அதை வாங்கி இன்னொரு முறை அழுத்தித் தேய்த்துத்தான் திருப்பிக் கொடுப்பார்.

மார்லிஸ் தன் அறுபதாவது பிறந்தநாளுக்குத் தனக்கே, பாகங்களைப் பூட்டி நிஜமாகவே பறக்கவிடுகிற ஒரு பிளாஸ்டிக் ராக்கெட் வாங்கிக்கொண்டார். முழங்கை நீளம், பட்டாணி நிற உடம்பு, சிவப்பு மூக்கு. சின்ன வயதில் அவருடைய மூன்று அண்ணன்களும் மேய்ச்சல் நிலத்தில் ராக்கெட் விடுவார்கள். மார்லிஸின் வேலை பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, விழுந்ததை ஓடிப்போய் எடுத்துவருவது. “அடுத்ததுக்கு நீ பட்டனை அமுக்கு” என்பார்கள் ஒவ்வொரு முறையும். அந்த அடுத்தது ஐம்பது வருடமாக வரவில்லை. இப்போது மார்லிஸுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தன் கையால் பூட்டிய ராக்கெட், தன் விரலால் அமுக்கிய பட்டன்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: பசை வேண்டாம், வண்ணம் வேண்டாம், பதினைந்து நிமிடம் போதும், எட்டு வயதுக்கு மேல் யாரும் செய்யலாம்.

மார்லிஸ் முதல் இறக்கையைக் கையில் எடுத்தார். எதிர் நாற்காலி நகர்ந்தது.

“பசை வேண்டாமா? அது எப்படி வேண்டாம்?”

“அப்படித்தான் போட்டிருக்கு வெர்லின். அழுத்தினா ‘டிக்’குனு உக்காந்துக்குமாம்.”

“டிக்குனு உக்காந்தது டிக்குனு எழுந்துக்காதா? இங்க குடு. ஒரு நிமிஷம்.”

அந்த ஒரு நிமிடம் பதினோரு நாள் நீடித்தது. உப்புத்தாளால் இறக்கைகளைத் தேய்த்தார். தேய்த்ததால் வண்ணம் தேவைப்பட்டது. வண்ணம் மூன்று பூச்சு வாங்கியது. மூன்றாவது பூச்சில் ஓர் ஈ ஒட்டிக்கொண்டதால் நான்காவதும் வேண்டியிருந்தது. கடைசியில், டிராக்டர் கண்ணாடியை ஒட்டிவைக்கும் அந்தப் பசையை எடுத்து, ஒட்டக்கூடிய இடத்தையெல்லாம் ஒட்டினார். மார்லிஸ் சமையலறையில் எதையாவது துடைத்துக்கொண்டே எட்டிப் பார்ப்பார். தொடுவதற்கு அனுமதி இல்லை. காய்கிறதாம்.

“பட்டனை நான்தான் அமுக்குவேன்” என்றார் ஒருநாள்.

“நீயேதான் அமுக்கணும்! நான் என்ன, சும்மா கூட ஒரு கை” என்றார் வெர்லின், மனதார.

சனிக்கிழமை காலை, புல் வெட்டிய பெரிய வெளியில் ராக்கெட் சங்கத்தார் கூடியிருந்தார்கள். விடும் முன் ஒவ்வொரு ராக்கெட்டையும் சோதனை மேசையில் காட்ட வேண்டும். மேசைக்குப் பின்னால் ஆரஞ்சு மேலங்கியோடு ட்வைலா. பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் பெண். எதையும் ஆட்டிப் பார்த்துத்தான் நம்புவாள்.

“அடேயப்பா, என்ன பளபளப்பு!” என்றாள். வெர்லின் அரை அங்குலம் உயர்ந்தார். ட்வைலா மூக்கைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கால்களை அகட்டி நின்று இழுத்தாள்.

“அது வராதும்மா” என்றார் வெர்லின் பெருமையாக. “யானை கட்டி இழுத்தாலும் கழண்டு வராது.”

“அதான் சார் பிரச்சினை. உச்சிக்குப் போனதும் உள்ள ஒரு சின்ன வெடி வெடிச்சு, மூக்கைத் தள்ளிவிட்டாதான் பாராசூட் வெளிய வரும். இது அப்படியே ஈட்டி மாதிரி தலைகீழா இறங்கும். யார் தலையிலயோ. இதை விட முடியாது.”

வெர்லின் ராக்கெட்டை வாங்கித் தானும் மூக்கை இழுத்துப் பார்த்தார். முப்பத்தாறு வருடம் இயந்திரம் பார்த்த கைகளுக்கும் அது அசையவில்லை.

மார்லிஸ் திட்டவில்லை. அவர் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் அப்படியெல்லாம் திட்டுவதில்லை. “பரவால்ல” என்பார்கள், கேட்டவருக்குக் குளிரெடுக்கும்.

“பரவால்ல” என்றார்.

நேராக, ராக்கெட் சாமான் விற்கிற வேனுக்குப் போய் அதே பெட்டி இன்னொன்று வாங்கிவந்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். கணவரின் கைகளைப் பார்த்தார். அவை ஏற்கெனவே கால்சட்டைப் பையிலிருந்து கிளம்பிவிட்டிருந்தன.

“வெர்லின், இதைப் பிடி.” பிளாஸ்கிலிருந்து விளிம்புவரை காபி ஊற்றிய கோப்பை. “இதையும் பிடி.” இன்னொன்று.

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணு எனக்கு. நான் கேக்கிறப்போ குடு. சிந்தாம.”

முதல் இறக்கை, டிக். இரண்டாவது, டிக். மூன்றாவது தலைகீழாகப் போயிற்று. மார்லிஸ் கழற்றித் திருப்பிப் போட்டார். நான்காவது உட்கார மறுத்தது. வெர்லினின் தோள் முன்னே வந்தது, கழுத்து வந்தது, காபி ததும்பிக் கட்டைவிரலைச் சுட்டது, கழுத்து திரும்பிப் போனது. டிக். பாராசூட் கருகாமலிருக்கத் தீப்பிடிக்காத காகிதத்தைச் சுருட்டி உள்ளே தள்ளி, அதைக் கைக்குட்டை மாதிரி மடித்து காகிதத்தின் மேல் வைத்தார்.

“அப்படி மடிக்கக் கூடா—”

“சிந்துது பாரு.”

பன்னிரண்டு நிமிடம். ட்வைலா மூக்கை இழுத்தாள். சொன்ன பேச்சு கேட்டு வந்தது. விரல் நீள எஞ்சினைப் போட்டு, கம்பியில் நிறுத்தி, ஒயரை மாட்டினார்கள். எல்லாரும் பின்னால் வந்து நின்றார்கள். ட்வைலா, ஒயரின் மறுமுனையில் இருந்த பட்டன் பெட்டியில் சாவியைச் சொருகி, அதை மார்லிஸின் கையில் கொடுத்தாள். ஐந்திலிருந்து எண்ணினார்கள். ‘ஒன்று’ வந்தபோது மார்லிஸுக்கு ஒரு பயம்: யாராவது இப்போதும் கையை நீட்டிவிடுவார்களோ? திரும்பிப் பார்க்கவில்லை. அமுக்கினார்.

சீறிக்கொண்டு போனது. கொஞ்சம் கோணலாக, காற்றோடு சாய்ந்து, கண்ணுக்குக் கடுகாகி, ‘பட்’டென்று ஒரு சத்தம், பிறகு ஆரஞ்சுப் பாராசூட் விரிந்து ஆடி ஆடி இறங்கியது. அந்த வெளியிலேயே உரக்கக் கத்தியவர் வெர்லின்தான். இரண்டு சட்டைக் கைகளும் காபியில் நனைந்திருந்தன.

“பறந்துடுச்சு மார்லிஸ், பறந்துடுச்சு! கொஞ்சம் சாஞ்சுது. அந்த நாலாவது இறக்கையை மட்டும் லேசா—”

மார்லிஸுக்குக் கேட்கவில்லை. அறுபது வயதில், விழுகிற ராக்கெட்டைப் பிடிக்கப் புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தார். இந்த முறை அவருடையதைப் பிடிக்க.

பாவம் வெர்லின் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மார்லிஸ் பாராசூட்டை மடித்த விதம் சரியில்லை என்று உங்களுக்கும் பட்டதல்லவா? நான்காவது இறக்கையிடம் அவர் திண்டாடியபோது உங்கள் விரல்கள் சும்மாவா இருந்தன? அது போகட்டும். இதோ, உள்ளறையில் யாரோ தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி. அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உட்காருங்கள்.